ராயக்கோட்டை ரோட்டுப் பிரெஞ்சு வகுப்பு: யாரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லித் தருகிறார்கள்

கிருஷ்ணகிரியில் பிரெஞ்சு எங்கே படிக்கலாம் என்று தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில், ஞாயிறு காலையில் நடக்கும் வகுப்பு இது. எடுப்பவர் புதுச்சேரியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மேடம். நான் கிரானைட் ஏற்றுமதி ஆபீஸில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். பிரான்ஸ், பெல்ஜியம் பையர்களுக்கு மெயில் போடுவதுதான் தினசரி வேலை.

முன்பு போனில் ஒரு ஆப் வைத்துப் படித்தேன். வார்த்தைகள் நிறையச் சொல்லித் தந்தது. கேள்வி என்று வந்தால் மட்டும், எதுவானாலும் ‘எஸ்க’ (வாக்கியத்தைக் கேள்வியாக்கும் சொல்) போடு என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. ‘எஸ்க’ தப்பே இல்லை. ஆனால் நண்பனிடம் கேட்பதற்கும் கம்பெனி டைரக்டரிடம் கேட்பதற்கும் பிரெஞ்சில் வாக்கியத்தின் அமைப்பே மாறும். அதை இந்த வகுப்பில்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

மேடம் போர்டில் மூன்று கட்டம் போட்டு ஒரே கேள்வியை மூன்று விதமாக எழுதினார். எப்போது டெலிவரி செய்கிறீர்கள்? பேச்சில், ‘வூ லிவ்ரே கான்?’ கேள்விச் சொல் கடைசியில் உட்கார்ந்துகொள்கிறது. எங்கேயும் செல்லுபடியாவது, ‘காந்தெஸ்க வூ லிவ்ரே?’ ‘கான்’ தனியாக நிற்கும்போது அதன் கடைசி எழுத்து ஒலிக்காது, ‘எஸ்க’ சேர்ந்ததும் ‘த்’ என்று ஒலிக்கும். மூன்றாவது, மெயிலுக்கும் மரியாதையான இடத்துக்கும், ‘கான் லிவ்ரே-வூ?’ வினை முன்னால் வந்து, ‘நீங்கள்’ அதன் பின்னால் போகிறது.

என் வேலைக்கு உயிரானது இந்த மூன்றாவது கட்டம். ‘கன்டெய்னர் கிளம்பிவிட்டதா?’ என்று மெயிலில் கேட்க வேண்டுமென்றால் ‘ல கொந்தெனேர் எத்தீல் பார்தி?’ கன்டெய்னர் தன் இடத்திலேயே இருக்கும், அதைக் குறிக்கும் ‘ஈல்’ மட்டும் வினைக்குப் பின்னால் மறுபடி வரும். ‘அவர் பேசுகிறாரா?’ என்பது ‘பார்ல்-தீல்?’ நடுவில் அந்த ‘த்’ எங்கிருந்து வந்தது என்று ஒரு பையன் கேட்டான். “மணி, அடி சேர்ந்தால் மணியடி, நடுவில் ‘ய்’ வருதில்ல? அந்த உடம்படுமெய்தான்டா இது” என்றார் மேடம். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. தமிழ் இலக்கணம் தெரிந்த ஒருவர் பிரெஞ்சு சொல்லித் தருவதன் அருமை அது.

எழுத்தில் கோரிக்கை வைக்கும்போது ‘பூரியே-வூ’ என்று தொடங்கச் சொல்கிறார். ‘உங்களால் முடியுமா’ என்பதை இன்னும் தணிவாகக் கேட்கும் வடிவம். நான் அனுப்பும் மெயில்களில் இப்போது இதுதான் முதல் வரி. கேள்விக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுவது பிரெஞ்சுக்காரர் வழக்கம் என்பதையும் அவர்தான் சொன்னார். கடைக்காரரிடம் எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் ‘போன்ஜூர்’ சொல்லியாக வேண்டும், சொல்லாமல் கேட்டால் இலக்கணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் மரியாதைக் குறைவு என்பதில் ரொம்பக் கண்டிப்பு.

ரோல்பிளே நன்றாக இருக்கும். மேடமே ஒருமுறை பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒருமுறை பேக்கரிக்காரர், ஒருமுறை விசா ஆபீஸர். விசா ஆபீஸரிடம் ஒரு மாணவி ‘தூ’ (நீ) போட்டுக் கேட்டதும், “என்னம்மா, ஆபீஸரை நீ, வா, போங்கிறே?” என்று நிறுத்தி மறுபடி கேட்க வைத்தார். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் தொடக்க நிலையான ஏ1-இல், பேச்சுத் தேர்வில் சீட்டில் உள்ள வார்த்தையை வைத்து நாம்தான் தேர்வாளரைக் கேள்வி கேட்க வேண்டும். அதற்கு இந்தப் பயிற்சி அப்படியே உதவும்.

கனடா போக நினைக்கும் நர்ஸுகளும் வருகிறார்கள். அங்கே பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் ‘சே-தூ லுவேன்?’ (தூரமா?) என்று கேட்பார்கள், அந்த ‘தூ’வுக்கு அங்கே ‘நீ’ என்று பொருள் இல்லை, வெறும் கேள்வி அடையாளம், ‘தூரமா?’ என்பதில் வரும் ‘ஆ’ மாதிரி. காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள், தேர்வில் எழுதாதீர்கள் என்கிறார்.

குறைகளும் உண்டு. கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சி போதாது. ஸ்பீக்கர் பழசு, கீழே பஸ் போனால் ஒன்றும் கேட்காது. சாதாரணப் பேச்சில் ‘தூ வியேன்?’ (நீ வருகிறாயா?) என்று வெறும் குரலை ஏற்றித்தான் கேட்கிறார்கள், அந்த ஏற்றம் காதில் பதிய நல்ல ஆடியோ கட்டாயம் வேண்டும். பேட்சும் பெரிது, பின் பெஞ்சுக்கு வாய் திறக்க வாய்ப்பு குறைவு. வண்டி நிறுத்த இடமும் இல்லை.

மாதம் 1,800 ரூபாய், புத்தகம் தனி. ஏ1, ஏ2 வரைக்கும் தாராளமாகச் சேரலாம். அடுத்த நிலையான பி1-க்கு மேல் போகிறவர்கள் பெங்களூரைப் பார்த்துக்கொள்வது நல்லது. சேர்வதானால் காலை முதல் பேட்சைக் கேளுங்கள், அதில்தான் ஆள் குறைவு, ரோட்டுச் சத்தமும் அவ்வளவாக இருக்காது.