மலிவு கம்ப்ரசரோடு நான்கு வருடம்: ஏர்பிரஷுக்கு எவ்வளவு காற்று போதும்?

காற்றோடு சேர்த்துப் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் வாங்கப் போகிறவர்கள் ஊசி 0.2 மில்லிமீட்டரா 0.3-ஆ, பெயின்ட் கப் மேலே இருக்க வேண்டுமா பக்கவாட்டிலா என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். அதற்குக் காற்று தரும் கம்ப்ரசர் விஷயம் வரும்போது மட்டும் கையில் மிச்சமிருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அதை எடுத்துவிடுவார்கள். 2021-இல் நானும் அதைத்தான் செய்தேன், அதனால் இரண்டு தடவை செலவு செய்ய வேண்டி வந்தது. இனி வாங்கப் போகிறவர்களுக்கு அந்த இரண்டாவது செலவாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது பேட்டரியில் ஓடும் கையடக்க வகை, ஏர்பிரஷின் அடியிலேயே திருகி மாட்டிக்கொள்வது. சின்ன பொம்மைக்கு, ஒரு ஸ்டென்சிலுக்கு, கேக் மேல் கலர் அடிப்பதற்கு அது சரி. நான் கட்டும் சின்ன விமான மாடல்களுக்குச் சரிப்படவில்லை. டேங்க் கிடையாது என்பதால் பிஸ்டனின் ஒவ்வொரு துடிப்பும் நேராக ஊசி முனைக்கு வருகிறது, 1/72 அளவு (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) விமானத்தின் இறக்கையில் மெல்லிய கோடு இழுத்தால் கோடு மணி மணியாக விழுகிறது. பத்து நிமிடத்தில் கைப்பிடி சூடாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை.

அடுத்து, கார் டயருக்குக் காற்றடிக்கும் 25 லிட்டர் டேங்க் வைத்த ஆயில் ஃப்ரீ மெஷின் ஒன்றை நண்பரிடமிருந்து இரண்டு வாரம் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். காற்று தாராளமாக, ஒரே சீராக வருகிறது, வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தனி வீடு, மொட்டை மாடியில் ஒரு அறை என்று இருப்பவர்கள் தாராளமாக அதையே வாங்கலாம், கொடுக்கும் காசுக்கு அதிகக் காற்று கிடைப்பது அதில்தான். ஆனால் நான் இருப்பது அடுக்குமாடியில் இரண்டாவது மாடி, எனக்கு நேரம் கிடைப்பது இரவு ஒன்பது மணிக்கு மேல். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூட முடியாது.

ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரைப் பற்றியும் விசாரித்தேன். எங்கள் தெருவில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் பழைய மோட்டார் ஒன்றை ஓட்டியே காட்டினார். பக்கத்து அறையில் இருந்தால் ஓடுவதே தெரியாது. "சத்தம் வராது தம்பி, ஆனா காத்தோட எண்ணெயும் கொஞ்சம் துப்பும், அதைப் பிடிக்கத் தனியா ஃபில்டர் போடணும்" என்று நேராகச் சொல்லிவிட்டார். டேங்க், பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வு எல்லாம் நாமே தேடிப் பொருத்த வேண்டும். அந்தக் கைவேலை தெரிந்தவர்களுக்கு அருமையான வழி. எனக்குத் தெரியாது. அழுத்தத்தில் இருக்கும் ஒரு பாத்திரத்தை அரைகுறையாகச் செய்து வீட்டுக்குள் வைக்க மனமும் வரவில்லை.

கடைசியில் வாங்கியது ஏ.எஸ். 186 என்ற எண்ணில் பல பெயர்களில் விற்கும் மெஷின். ஒற்றை பிஸ்டன், எண்ணெய் தேவையில்லை, அடியில் 3 லிட்டர் டேங்க், மேலே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும் தண்ணீர் பிடிக்கும் கிண்ணமும். நிமிடத்துக்கு 20 லிட்டருக்குச் சற்று மேல் காற்று தரும் என்று போட்டிருக்கிறது. டேங்கில் அழுத்தம் 4 பார் வந்ததும் தானாக நிற்கும், 3 பாருக்கு இறங்கினால் தானாக ஓடத் தொடங்கும். நான் கொடுத்தது 8,500 ரூபாய். இதே மோட்டாரை டேங்க் இல்லாமல் கொஞ்சம் குறைந்த விலைக்குத் தருகிறார்கள், அதை எடுக்காதீர்கள். டேங்க் இருப்பதால் துடிப்பு அடங்குகிறது, மோட்டாருக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கிறது, காற்று கொஞ்சம் ஆறித் தண்ணீரைக் கீழே விடுகிறது. இந்த மூன்றும்தான் நாலு வருடமாக என்னைக் காப்பாற்றி வருகின்றன.

பாரைப் போலவே அழுத்தத்தைச் சொல்லும் இன்னொரு அளவான பி.எஸ்.ஐ. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 0.3 ஊசியில் அக்ரிலிக் அடிக்க எனக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும், அதாவது ஒரு பாரும் கொஞ்சமும். நன்றாகத் தண்ணீராகக் கலந்த பெயின்டில் புள்ளி புள்ளியாக நிழல் போட 10, 12-க்கே இறங்கிவிடுவேன். ட்ரிக்கரைத் தொடாமல் கேஜைப் பார்த்து 20 என்று வைத்தால் அது 20 இல்லை, அமுக்கியதும் முள் நாலைந்து கோடு இறங்கிவிடும். காற்று போய்க்கொண்டிருக்கும்போதே ரெகுலேட்டரைத் திருகி வையுங்கள். பெயின்ட் சிலந்தி வலை மாதிரி இழுக்கிறது, ஊசி முனையில் காய்கிறது என்று வரும் பாதிப் பிரச்சினைகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது தண்ணீர். சென்னையில் இருந்துகொண்டு கம்ப்ரசர் வாங்குகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான், கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை.

2021 நவம்பரில் இங்கே பெய்த மழை நினைவிருக்கும். 1971 இந்தியா-பாகிஸ்தான் போர் முடிந்து ஐம்பது வருடம் ஆகிற டிசம்பர் 16-க்குள் 1/48 அளவில் ஒரு மிக்-21 போர் விமானத்தை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன், பெயின்ட் இல்லாத வெறும் அலுமினியத் தோற்றத்தில். அந்தப் பளபளப்பு வர வேண்டுமென்றால் முதலில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் கருப்பு பெயின்ட் அடிக்க வேண்டும், அதில் ஒரு தூசி இருந்தாலும் மேலே போடும் உலோக நிற லாக்கர் பெயின்ட் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இடது இறக்கை அருமையாக வந்தது. வலது இறக்கையில் பாதி தூரம் போனபோது "ப்ளக்" என்று ஒரு சத்தம், ஏர்பிரஷ் ஒரு தடவை துப்பியது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் ஈரக் கருப்பில் நாலு சின்னக் குழி, ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வளையம். ஹோஸைக் கழற்றி உதறினேன், தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து. விமானம் முடிந்தது டிசம்பர் 28-ஆம் தேதி.

காரணம் புரிய இன்னும் சில வாரம் ஆனது. சத்தத்துக்காகக் கம்ப்ரசரை பால்கனியில் வைத்துவிட்டு, நீளமான ஹோஸ் போட்டு, ஏ.சி. அறையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் இழுப்பது மழைக்கால ஈரக் காற்று. நிறுத்தாமல் ஓடிச் சூடான டேங்கில் அந்த ஈரத்தில் பாதி ஆவியாகவே இருக்கும், கீழே இறங்காது. அது அப்படியே ரெகுலேட்டரைத் தாண்டி, குளிர்ந்த அறைக்குள் கிடக்கும் ஹோஸில் வந்து வியர்த்துவிடுகிறது. மூன்று மாற்றம் செய்தேன். கம்ப்ரசர் அறைக்குள் வந்தது, ஏ.சி. உலர்த்திய காற்றையே இழுக்கட்டும் என்று. ஏர்பிரஷ் கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரல் அளவில் இன்னொரு தண்ணீர் பிடிப்பான் மாட்டினேன், சில நூறு ரூபாய்தான். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்தி டேங்க் ஆற விடுகிறேன், அந்த நேரத்தில் ஊசியைக் கழுவிக்கொள்ளலாம். அதற்கப்புறம் ஒரு சொட்டுகூட மாடலில் விழவில்லை.

வேலை முடிந்ததும் டேங்கின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள், ஒவ்வொரு நாளும். ஒரு மழைக்கால இரவு, ஒரு மணி நேரம் அடித்த பிறகு வந்ததை அளந்து பார்த்தேன், ஒன்றரை டீஸ்பூன், லேசான செம்பட்டை நிறத்தில். டேங்க் இரும்பு. தண்ணீர் உள்ளேயே கிடந்தால் துரு அரித்துக்கொண்டே போகும், அழுத்தத்தில் இருக்கும் டேங்க் மெலிவது விளையாட்டு விஷயமில்லை.

சத்தத்தைப் பொறுத்தவரை, 47 டெசிபல் என்று பெட்டியில் போட்டிருந்தது. மேஜைக்கு அடியில் ஓடினால் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தரை வழியாக இறங்கும் அதிர்வுதான் தொல்லை. முதல் மாதத்திலேயே கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் நிறுத்தி, "தம்பி, ராத்திரி பத்து மணிக்கு என்ன அரைக்கிறீங்க?" என்று கேட்டார். தடிமனான ரப்பர் ஷீட், அதன் மேல் தேங்காய் நார்க் கால்மிதி, அதன் மேல் கம்ப்ரசர் என்று வைத்துவிட்டு, ஓடவிட்டுக் கீழே போய் அவர் வீட்டிலேயே நின்று கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

தேய்மானம் என்று பார்த்தால் இரண்டாவது வருடம் ஹோஸ் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் போனது. ட்ரிக்கரைத் தொடாமலே மெஷின் அடிக்கடி ஓடத் தொடங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். காற்று உள்ளே போகும் இடத்தில் இருக்கும் பஞ்சு ஃபில்டர் பெயின்ட் தூசியால் அடைத்துக்கொள்கிறது, அதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். பெயின்ட் வாடைக்கு நமக்கு எப்படி மாஸ்க் வேண்டுமோ அப்படித்தான் அதுவும். லாக்கர் அடிப்பவர்கள் கார்பன் கேட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள், துணி மாஸ்க் ஆவியை நிறுத்தாது.

வாங்கிய அன்றே ஒரு விஷயம் குறித்து வைத்திருந்தேன், அது இப்போது உதவியது. காலி டேங்க் முழுதாக நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது? அன்று 1 நிமிடம் 20 விநாடி. போன மார்ச்சில் 2 நிமிடத்தைத் தாண்டியது, கசிவும் இல்லை. அப்படியென்றால் பிஸ்டனில் இருக்கும் டெஃப்லான் வளையம் தேய்ந்துவிட்டது. விற்ற கடையில் கேட்டால் உதிரி பாகமே வராது, புதுசு வாங்குங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். எனக்கு அது கோபம்தான், ஒரு சின்ன வளையத்துக்காக நல்ல மோட்டாரைத் தூக்கிப் போடச் சொல்வது எந்த வகையில் நியாயம்? வளையமும் சிலிண்டரும் சேர்ந்த செட் ஆன்லைனில் கிடைத்தது. மேலே நாலு ஸ்க்ரூ, பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, ஒரு பக்கமாகப் போகாமல் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். முக்கால் மணி நேர வேலை.

1/35 டாங்கிகள், பெரிய கப்பல்கள் என்று 0.5 ஊசியில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் அடிப்பவர்களுக்கு இந்த ஒற்றை பிஸ்டன் மூச்சு வாங்கும், இரட்டை சிலிண்டர் வகையைப் பாருங்கள். நான் விமானங்கள் மட்டும்தான் கட்டுகிறேன். புது வளையம் போட்ட அன்று டேங்க் நிரம்ப ஆன நேரம் 1 நிமிடம் 25 விநாடி.