வேலை ஏன் போச்சுன்னு விசாரிச்சு காசு குடுக்கறதா, விசாரிக்காமலே குடுக்கறதா? அமெரிக்கா, ஐரோப்பா, ஸ்வீடன் வழிகள பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா

வெளிநாட்டு சரக்கு வந்து ஃபேக்டரி மூடிருச்சு, இல்ல ஃபேக்டரியே மெக்சிகோவுக்கோ சீனாவுக்கோ போயிருச்சு, அதுல வேலை போனவங்களுக்கு வேற தொழில் கத்துக்குடுக்க அரசாங்கம் பணம் ஒதுக்குது, இதுல எவ்வளவு ஒதுக்கறாங்கன்னு தான் எல்லாரும் பேசறாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் அந்தப் பணம் என்னிக்கு அந்த ஆளோட கைக்கு வந்து சேருதுங்கறது தான் பாதி விஷயத்த முடிவு பண்ணுது. அமெரிக்காவுல ஒரு மாநில வேலைவாய்ப்பு ஆபீஸ்ல இந்த ட்ரெயினிங் ஃபண்டுக்கு கணக்கு பாக்கற வேலையில சில வருஷம் இருந்தேன், அந்த அனுபவத்த வச்சுத்தான் எழுதறேன்.

மொதல்ல டிஏஏ, அதாவது டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ், வெளிநாட்டு வியாபாரத்தால வேலை போனவங்களுக்கான அமெரிக்கத் திட்டம். 2022லருந்து இதுல புது மனு எடுக்கறதில்ல, அதக் கடைசியில சொல்றேன், மொதல்ல அது ஓடுன விதத்த பாப்போம். 1962ல கென்னடி காலத்துல வந்தது, 1974 சட்டத்துல மாத்தி எழுதினாங்க, அதுக்கப்புறமும் 2002, 2009, 2011, 2015ன்னு திரும்பத் திரும்ப கை வச்சாங்க. இதோட அடிப்படை நியாயம் எனக்கு இன்னிக்கும் சரின்னு தான் படுது. வெல கொறஞ்ச சரக்கு வாங்கறதுல நாடு பூரா லாபம் பாக்குது, நஷ்டம் மட்டும் நாலு ஊர் தலையில விழுது, அப்ப அந்த லாபத்துல ஒரு பங்க அந்த ஊருக்குத் திருப்பிக் குடுக்கறது தானே மொறை.

ஆனா குடுக்கற விதம் இருக்கே. ஃபேக்டரியில வேலை போனவங்க மூணு பேரு சேந்தோ, யூனியனோ, கம்பெனியோ, மாநில ஆபீஸோ மத்திய அரசோட லேபர் டிபார்ட்மென்ட்டுக்கு மனு போடணும். அவங்க கம்பெனி விற்பனைக் கணக்க வாங்கி, அந்த கம்பெனிகிட்ட வாங்கிட்டிருந்தவங்க இறக்குமதி சரக்குக்கு மாறினாங்களான்னு விசாரிச்சு, வேலை போனதுக்கு வெளிநாட்டு வியாபாரம் தான் காரணம்னு சர்டிஃபை பண்ணணும். சட்டப்படி இதுக்கு 40 நாள். யூனியன் இருக்கற ஃபேக்டரின்னா மூடற அன்னிக்கே மனு ரெடியா இருக்கும். யூனியன் இல்லாத எடத்துல இப்படி ஒரு திட்டம் இருக்குன்னே யாருக்கும் தெரியாது, அங்க 40 நாள் எண்ண ஆரம்பிக்கறதே நாலஞ்சு மாசம் கழிச்சுத்தான்.

சர்டிஃபிகேட் வந்துட்டா கெடைக்கறது நெறைய, அத ஒத்துக்கணும். வேலையில்லாக் கால உதவி முடிஞ்ச பெறகு படிக்கிற காலத்துல வாராவாரம் காசு, 2015 சட்டப்படி அந்த உதவியும் இதுவும் சேத்து 130 வாரம் வரைக்கும் போகும். காலேஜ் ஃபீஸ், புஸ்தகம், தொழிலுக்கு வேணுங்கற டூல்ஸ், வேற ஊருக்குப் போனா வீடு மாத்தற செலவு. அமெரிக்காவுல சாதாரண தொழிலாளிக்கு இவ்வளவு கெடைக்கற இன்னொரு திட்டத்த நான் பாத்ததில்ல.

இப்ப பணக் கணக்குக்கு வரேன், இது தான் வெளிய யாரும் பேசாத பகுதி. 2015 சட்டத்துல ட்ரெயினிங்குக்கும் அதச் சாந்த வேலைகளுக்கும் நாடு முழுக்க வருஷத்துக்கு 450 மில்லியன் டாலர் தான் உச்சவரம்பு. நிதியாண்டு தொடக்கத்துல அதுல 65 சதவீதத்த ஒரு ஃபார்முலா போட்டு மாநிலங்களுக்குப் பிரிப்பாங்க, மிச்சத்த கையில வச்சுகிட்டு பின்னாடி குடுப்பாங்க. நிர்வாகச் செலவு 10 சதவீதத்த தாண்டக்கூடாது, ஆளுக்கு ஆள் உக்காந்து பேசி வழி சொல்ற வேலைக்கு கொறஞ்சது 5 சதவீதம் போகணும், குடுத்த பணத்த மூணு நிதியாண்டுக்குள்ள செலவு பண்ணணும். ஃபார்முலா பாக்கறது பெரும்பாலும் போன வருஷங்கள்ல எத்தன பேரு வந்தாங்க, எவ்வளவு செலவாச்சுன்னு தான். ஃபேக்டரி என்ன சொல்லிட்டா மூடுது? போன வருஷம் அமைதியா இருந்த மாநிலத்துல இந்த வருஷம் ரெண்டு பெரிய பிளான்ட் மூடிருச்சுன்னா கையில இருக்கறது அமைதியான வருஷத்தோட காசு.

இதுல ஒரு சிக்கல நான் ஒவ்வொரு செப்டம்பரும் கண்ணால பாத்துருக்கேன். ஒருத்தரு சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் வச்சு ஓட்டற மெஷின் கோர்ஸ்ல சேர்றாரு, நாலு செமஸ்டர். அவருக்கு நாலு செமஸ்டர் காசையும் நாங்க ஒதுக்கி எழுதி வச்சாத்தான் நடுவுல கைவிடாம படிக்க வைக்க முடியும், ஆனா காலேஜ்லருந்து பில் வர்றது ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனித்தனியா. அங்க நிதியாண்டு முடியற செப்டம்பர் 30க்கு கணக்க மூடும்போது ஒரு செமஸ்டர் தான் செலவுல ஏறியிருக்கும், மூணு செமஸ்டர் காசு சும்மா கெடக்கற மாதிரி தெரியும். மேல இருந்து பாக்கறவங்க செலவ மட்டும் பாத்துட்டு உங்க மாநிலத்துல தான் பணம் மிச்சம் இருக்கேன்னு சொல்வாங்க. அரசாங்கத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ-வே வேற ஒரு ட்ரெயினிங் திட்டத்தப் பத்தி இத எழுதிருக்கு, செலவோட ஒதுக்கி வச்சதையும் சேத்து பாத்தா மாநிலங்கள் கையில இருக்கறது லேபர் டிபார்ட்மென்ட் நெனைக்கறத விட கம்மின்னு.

அடுத்து வியோவா, அதாவது வேலை தேடறவங்களுக்கு பொதுவா உதவி, ட்ரெயினிங் குடுக்கற 2014 அமெரிக்கச் சட்டம். இதுல வேலை ஏன் போச்சுங்கற கேள்வியே கெடையாது, லே-ஆஃப் ஆகி பழைய வேலைக்கு திரும்ப முடியாத நெலைன்னா போதும், உள்ள வரலாம். வேலை இழந்தவங்களுக்கான பணத்துல 80 சதவீதம் மாநிலங்களுக்கு ஃபார்முலாப்படி போகும், 20 சதவீதத்த தேசிய அளவுல திடீர்னு பெரிய லே-ஆஃப் வந்தா குடுக்க வச்சுக்குவாங்க. மாநிலமும் தன் பங்குல 25 சதவீதம் வரைக்கும் எடுத்து வச்சு, மூடப் போறோம்னு நோட்டீஸ் வந்த ஃபேக்டரிக்குள்ளயே ஆள அனுப்பலாம். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் புடிக்கும். இன்னும் சம்பளம் வந்துகிட்டிருக்கும்போதே கேன்டீன்ல டேபிள் போட்டு உக்காந்து பேசறோம், ஆளுங்க எல்லாம் ஒரே எடத்துல இருக்காங்க, அட்ரஸ் தேடி லெட்டர் போட வேண்டியதில்ல. ஆனா டிஏஏ குடுக்கற மாதிரி வாராவாரம் காசு இதுல கெடையாது, ஃபீஸுக்கு ஒரு வவுச்சர், அதோட அளவையும் அந்தந்த ஊர் போர்டு முடிவு பண்ணும். வீட்டு வாடகை கட்ட வேண்டியவன் ரெண்டு வருஷம் எத வச்சு படிப்பான்? அதனால சின்னச் சின்ன கோர்ஸாத்தான் எடுப்பாங்க. சுருக்கமா, வியோவா சீக்கிரம் வருது, ஆனா தாங்காது, டிஏஏ தாங்கும், ஆனா லேட்டா வருது.

ஐரோப்பாவோட வழி வேற. ஐரோப்பிய யூனியன் 2007லருந்து நடத்தற உலகமயமாக்கல் அட்ஜஸ்ட்மென்ட் ஃபண்ட். இது மாநிலத்துக்கு முன்கூட்டியே பிரிச்சுக் குடுக்கறது இல்ல, ஒவ்வொரு பெரிய லே-ஆஃபுக்கும் தனித்தனியா நாடு அப்ளை பண்ணணும், யூனியனோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய கமிஷன் பாத்து, ஐரோப்பிய பார்லிமென்ட்டும் கவுன்சிலும் ஒத்துக்கிட்டாத்தான் பணம். மொதல்ல 1000 பேருக்கு வேலை போயிருக்கணும்னு இருந்தது, அப்புறம் 500 ஆச்சு, 2021லருந்து 200. காரணம் கேக்கறதயும் 2021ல கிட்டத்தட்ட விட்டுட்டாங்க, ஆட்டோமேஷனோ, கார்பன் கொறைக்கறதோ, எதுவா இருந்தாலும் பெரிய ஆட்குறைப்புன்னா வரலாம். பேப்பர்ல அழகா இருக்கு. ஆனா 2013ல ஐரோப்பிய யூனியனோட தணிக்கை அமைப்பு பாத்தப்ப, ஒரு அப்ளிகேஷன் பாஸ் ஆகறதுக்கு சராசரியா 41 வாரம் ஆச்சு, குடுத்த பணத்துல மூணுல ஒரு பங்கு எப்படியும் அந்தந்த நாடே குடுத்திருக்க வேண்டிய உதவித்தொகைக்குப் போயிருக்கு.

அயர்லாந்துல லிமெரிக் ஊர் கதைய எடுத்துக்கலாம். 2009 ஜனவரியில டெல் கம்ப்யூட்டர் கம்பெனி அங்க 1,900 பேர வேலைய விட்டு அனுப்பப் போறோம், உற்பத்திய போலந்துல இருக்கற வூட்ச் நகரத்துக்கு கொண்டு போறோம்னு அறிவிச்சது. அயர்லாந்து ஜூன்ல அப்ளை பண்ணுச்சு, அந்த வருஷக் கடைசியில தான் ஒப்புதல் வந்தது, ஆனா 24 மாசக் கெடு அப்ளை பண்ண நாள்லருந்தே ஓட ஆரம்பிச்சிருச்சு, 2011 ஜூனோட முடிஞ்சிருச்சு. ஒப்புதலுக்குக் காத்திருந்தது போக மிச்சம் ஒன்றர வருஷம் தான். மூணு வருஷ டிகிரி படிக்கணும்னு போனவனுக்கு அது எப்படிப் பத்தும்? கடைசியில ஒரு பெரிய தொகை செலவாகாம ஐரோப்பிய யூனியன் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸுக்கே திரும்பிப் போச்சு. தேவைப்பட்டவன் பக்கத்துலயே இருக்கான், பணமும் இருக்கு, ரெண்டும் சேரல. இத படிக்கும்போது எங்க ஆபீஸோட செப்டம்பர் மாசம் தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஸ்வீடன்ல அரசாங்கம் வர்றதுக்கு முன்னாடியே முதலாளிங்களும் யூனியனும் சேந்து நடத்தற கவுன்சில் வந்துரும். ஆபீஸ் ஊழியர்களுக்கான டிஆர்ஆர் 1970கள்லருந்தே இருக்கு, ஃபேக்டரி தொழிலாளிங்களுக்கான டிஎஸ்எல் 2004ல வந்தது. கம்பெனிங்க நல்லா இருக்கற காலத்துலயே சம்பளக் கணக்குல கொஞ்சூண்டு சதவீதம் கட்டிட்டு வரும், நோட்டீஸ் காலத்துலயே கவுன்சில் ஆளு வந்து பேசுவாரு. காரணம் வெளிநாட்டு சரக்கா இல்லையான்னு கேக்கறதில்ல, அரசாங்கத்துக்கு மனு போடவும் வேண்டியதில்ல. இதுக்கு மேல 2022ல அரசாங்கம் தன் பங்குக்கு ஒரு படிப்பு உதவி கொண்டு வந்தது, 44 வாரம் வரைக்கும் சம்பளத்துல 80 சதவீதம் வரைக்கும், ஒரு உச்சவரம்போட. கூட்டம் அலமோதி அப்ளிகேஷன் தேங்கிப் போச்சுங்கறதும் உண்மை தான், அரசாங்க கவுன்டர்னு வந்துட்டா ஸ்வீடன்லயும் க்யூ தான். கவுன்சில் முறை எல்லா ஊருக்கும் வருமான்னா வராது, யூனியன் பலமா இல்லாத எடத்துல அந்தக் காச யாரு கட்ட வைக்கறது?

இன்னொரு வழி இருக்கு, டிஏஏக்குள்ளயே ஒளிஞ்சு கெடந்தது. ஆர்டிஏஏ, சம்பள இன்ஷூரன்ஸ் மாதிரி. 50 வயசுக்கு மேல இருக்கறவங்க கம்மி சம்பளத்துக்கு வேற வேலையில சேந்துட்டா, பழைய சம்பளத்துக்கும் புதுசுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துல பாதிய ரெண்டு வருஷத்துக்கு அரசாங்கம் குடுக்கும், மொத்தம் 10,000 டாலர் வரைக்கும், புது வேலையில வருஷத்துக்கு 50,000 டாலருக்கு மேல வாங்கக்கூடாது.

ஒரு அம்மாவ என்னால மறக்க முடியல. 54 வயசு, கார் சீட் கவர் தைக்கற எடத்துல 21 வருஷம், ஆள்காட்டி விரல் நுனியில ஊசி ஏறின தழும்பு மேல தழும்பு. யூனியன் கெடையாது, கூட வேல பாத்த மூணு பேரு யாரோ சொல்லி மனு போட்டு, சர்டிஃபிகேட் வரும்போது வேலை போயி ஏழு மாசம். 26 வார உதவி முடிஞ்சு ஒரு மாசம் மகள் வீட்டுல இருந்துட்டு வந்தாங்க. பிளாஸ்டிக் ஃபோல்டர்ல எல்லா காகிதமும் தேதி வாரியா அடுக்கி வச்சிருந்தாங்க. மெடிக்கல் கோடிங் ரெண்டு வருஷம் படிக்கறீங்களான்னு எங்க கவுன்சிலர் கேட்டாரு. முதியோர் இல்லத்து லாண்டரியில மணிக்கு 12 டாலருக்கு வேலை ரெடியா இருக்கு, நான் படிச்சு முடிக்கும்போது 56 ஆயிரும், அப்ப என்ன யாரு எடுப்பாங்கன்னு அந்தம்மா திருப்பிக் கேட்டாங்க. பழைய சம்பளம் மணிக்கு 18. வித்தியாசம் 6, அதுல பாதி 3, வருஷத்துக்கு 2,080 மணி நேரம்னா 6,240 டாலர், ரெண்டாவது வருஷம் நடுவுல 10,000 வரம்பு வந்து முட்டும். நான் பேப்பர்ல எழுதிக் காட்டுனத அந்தம்மா மடிச்சு ஃபோல்டர்ல வச்சுகிட்டாங்க, லாண்டரிக்கே போனாங்க.

இத நான் சொல்றதுக்குக் காரணம், சம்பள இன்ஷூரன்ஸ் காசு அந்த 450 மில்லியன் பானையிலருந்து வர்றது இல்ல, தனிக் கணக்கு. அதனால ட்ரெயினிங்ல எத்தன பேரு, எவ்வளவு செலவாச்சுங்கறது தான் எங்க மீட்டிங்ல எப்பவும் பேச்சு, ஏன்னா அது கொறஞ்சா அடுத்த வருஷம் ஃபார்முலாவுல அடி விழும். ஆர்டிஏஏ எத்தன பேருக்கு சொன்னீங்கன்னு ஒரு தடவ கூட யாரும் கேட்டதில்ல. பணத்த எப்படிப் பிரிக்கறாங்களோ அப்படித்தான் கவுன்டர்ல ஆலோசனையும் சாயும்.

பலன் என்னன்னு பாத்தா ஆராய்ச்சிங்களே ஒண்ணோட ஒண்ணு மோதுது. லேபர் டிபார்ட்மென்ட்டுக்காக 2012ல வந்த பெரிய மதிப்பீட்டுல, நாலு வருஷம் கழிச்சும் டிஏஏல இருந்தவங்க அதே மாதிரி வேலை போன மத்தவங்கள விட கம்மியாத்தான் சம்பாதிச்சாங்க. அப்புறம் பெஞ்சமின் ஹைமன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் வேற விதமா பாத்தாரு. மனுவ விசாரிக்கற அதிகாரிங்கள்ல சிலர் இளகின மனசு, சிலர் கறார், எந்த மனு யாருகிட்ட போகும்ங்கறது அதிர்ஷ்டம் மாதிரி. அத வச்சு கணக்கு போட்டா பத்து வருஷத்துல ஆளுக்கு சுமாரா 50,000 டாலர் கூடுதல் வருமானம்னு வந்துச்சு. அவரே பின்னாடி வேற ரெண்டு பேரோட சேந்து சம்பள இன்ஷூரன்ஸையும் பாத்தாரு, 50 வயசு தாண்டினவங்க சீக்கிரமா வேலைக்குத் திரும்பினாங்க, மொத்த சம்பாத்தியமும் கூடிச்சு, அரசாங்கத்துக்குப் போன காசும் திரும்பி வந்துருதுன்னு முடிவு.

எனக்குக் கேட்டா, வியோவா மாதிரி காரணம் கேக்காம நோட்டீஸ் காலத்துலயே உள்ள போகணும், டிஏஏ மாதிரி படிக்கிற காலம் முழுக்க சோறு போடணும், 50 தாண்டினவங்ககிட்ட மொதல்ல சம்பள இன்ஷூரன்ஸ சொல்லிட்டு அப்புறம் தான் காலேஜ் பேச்ச எடுக்கணும். கணக்க செலவுல பாக்காம ஒதுக்குனதுல பாக்கணும்.

இதெல்லாம் பேசிகிட்டிருக்கும்போதே 2022 ஜூலை 1லருந்து டிஏஏல புது மனு எதையும் எடுக்கறதில்ல. காங்கிரஸ் நீட்டிக்கல, ஏற்கனவே சர்டிஃபிகேட் வாங்கினவங்களுக்கு மட்டும் ஓடுது. 2025ல அவ்வளவு டாரிஃப் சண்டை நடந்தப்பவும் அந்தக் கதவு மூடியே தான் இருந்தது.

நம்ம ஊர்ல என்ன இருக்குன்னு கேப்பீங்க. ஒரே நோக்கியா தான், பின்லாந்துல சாலோ ஃபேக்டரி 2012ல மூடினப்ப வேலை போனவங்களுக்கு அந்த ஐரோப்பா ஃபண்ட் போச்சு. ஸ்ரீபெரும்புதூர் 2014 நவம்பர்ல நின்னது வரிப் பிரச்சனையால, இறக்குமதியால இல்ல, ஆனா அங்க இருந்த புள்ளைங்கள்ல நெறைய பேருக்குக் கெடச்சது கம்பெனி குடுத்த விஆர்எஸ் காசு தான். 2025 நவம்பர் 21லருந்து அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்துல ரீ-ஸ்கில்லிங் ஃபண்டுன்னு ஒண்ணு இருக்கு, ஆட்குறைப்பு ஆனவங்களுக்கு முதலாளி 15 நாள் சம்பளத்த கட்டணும், அது 45 நாள்ல நேரா அவங்க அக்கவுன்டுக்கு வரணும். காரணம் கேக்கல, நேரா கைக்கு வருது, நான் மேல கேட்ட ரெண்டும் இதுல இருக்கு. ஆனா மாசம் 15,000 ரூபா வாங்கற ஒரு தையல்காரப் பொண்ணுக்கு அது சுமாரா 7,500 ரூபா. குறிப்பிட்ட காலத்துக்குன்னு கான்ட்ராக்ட்ல எடுத்து அந்தக் காலம் முடிஞ்சு அனுப்பினா அது ஆட்குறைப்புலயே சேராது, அந்த 7,500ம் கெடையாது.