நூறு வருஷப் பழைய செஸ் புத்தகம் இப்போது உதவுமா?

கபபிளாங்காவின் 'செஸ் ஃபண்டமெண்டல்ஸ்' 1921இல் வந்தது. அவர் உலக சாம்பியன் ஆன வருஷமும் அதுதான். கும்பகோணத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய என் பிரதி, அட்டை கிழிந்து பைண்டிங் மாறிவிட்டது. தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இன்றும் அதைத்தான் எடுக்கிறேன்.

புத்தகம் ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளில், ஆரம்பிப்பதில்லை. ஒரு யானை, ஒரு ராஜா. எதிரே தனி ராஜா. ஓரத்துக்குத் தள்ளி மேட் செய் (ராஜா தப்ப வழியில்லாத செக்), அவ்வளவுதான் முதல் பாடம். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த பிறகு போர்டு வாங்கிய பிள்ளைகள் பலர் கற்றது போனில்தான். 'இரண்டு மூவில் மேட்' புதிரை நொடியில் போடுவார்கள். ஆட்டத்தில் ராணியை வைத்துக்கொண்டு துரத்தித் துரத்தி ஸ்டேல்மேட்டில் (செக் இல்லாமலே எதிராளிக்கு நகர்த்த வழி இல்லாமல் போய் ஆட்டம் டிரா ஆவது) கோட்டை விடுவார்கள்.

அவர்களுக்கு நான் வைத்துக் காட்டுவது இது: வெள்ளை ராஜா இ6, வெள்ளைச் சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8 (எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் வரிசை). யார் நகர்த்தினாலும் வெள்ளைக்கு ஜெயம். மூன்று காயையும் ஒரு கட்டம் கீழே இறக்குங்கள். இப்போது கறுப்பு நகர்த்தினால்தான் ஜெயம். வெள்ளையின் முறை என்றால் டிரா. இந்தக் கணக்கை எந்தக் கம்ப்யூட்டரும் மாற்றவில்லை. ராஜாவை முன்னால் விட்டு சிப்பாயைப் பின்னால் கொண்டுவா என்று கபபிளாங்கா சொல்வதன் காரணம் இங்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

புத்தகத்தில் தொல்லை, குறிமானம்தான், அதாவது நகர்வை எழுதும் முறை. அவரவர் பக்கத்திலிருந்து எண்ணுவதால், இ4 கட்டம் வெள்ளைக்கு 'கே4', கறுப்புக்கு 'கே5' ('கே' என்றால் கிங், ராஜாவின் நெடுவரிசை). உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயே 1981இல் கைவிட்ட முறை இது. ஓரத்தில் பென்சிலால் புது முறையில் எழுதிவைத்தேன், அலுப்பான வேலை. ஆங்கிலமும் பழசு, தமிழ் மீடியம் பிள்ளை என்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். ஓப்பனிங் பகுதியை நான் திறப்பதே இல்லை, அது காலாவதி.

பெயரைக் கேட்டு, இன்னொரு பழைய செஸ் புத்தகமான நிம்ஸோவிச்சின் 'மை சிஸ்டம்' வாங்கிவிடாதீர்கள். நல்ல புத்தகம்தான், ஆனால் ஆரம்பத்துக்கு ஆகாது. கபபிளாங்கா புத்தகம் பிராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசம், பழைய குறிமானத்தில். காசு கொடுத்து வாங்குவதானால் புதுக் குறிமானப் பதிப்பா என்று உள்ளே புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.