வெளிநாட்டுப் பணத்தை யுபிஐயில் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் யூடியூப், ரீல்ஸ், ஸ்டாக் வீடியோ (எடுத்து வைத்து விற்கும் வீடியோத் துண்டுகள்) என்று வேலை செய்பவர்கள் தயவுசெய்து இதை முழுதும் படியுங்கள். அஞ்சு ரோடு பக்கம் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, "கிரியேட்டர்களுக்கு வெளிநாட்டுப் பேமெண்ட் வாங்கித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற ஒருவர் என்னுடைய 1,840 டாலரை விழுங்கிவிட்டார். போன பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு முன்னால் அவர் ஒழுங்காகக் கொடுத்த பணம்தான் எனக்குப் பெரிய தலைவலியாக வந்து நின்றது.

நான் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பூப்பூக்கும் காலம் தொடங்கிப் பழம் பறித்துக் காய வைப்பது வரை படம் எடுத்துக் கொடுக்கிறேன். காபிக்கொட்டை வறுத்து விற்கும் ஒரு சின்ன அமெரிக்கக் கம்பெனிதான் முக்கிய கிளையண்ட். பெரும்பாலும் 150, 200 டாலர் பில்கள்.

இந்த அளவுப் பணம்தான் வந்து சேர ரொம்பச் சிரமம். ஸ்விஃப்ட் என்ற வங்கிக்கு வங்கி வெளிநாட்டுப் பணம் அனுப்பும் முறையில் அனுப்பினால் அனுப்புகிற வங்கி, நடுவில் இருக்கிற வங்கி, நம்முடைய வங்கி என்று ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். மாற்று விகிதத்திலும் கொஞ்சம் போகும். நாணய மாற்றுக்கு ஜிஎஸ்டி வேறு, குறைந்தது 45 ரூபாய். பேபால் என்றால் 4.4 சதவீதம், அதற்கு மேல் ஒரு நிலையான கட்டணம், ரூபாயாக மாற்றும்போது இன்னொரு பிடித்தம். ஸ்ட்ரைப் என்ற ஆன்லைன் பேமெண்ட் கம்பெனியில் 2024 மே மாதத்திலிருந்து இந்தியாவில் அவர்கள் அழைத்தால்தான் கணக்கு. வங்கிக் கிளைக்குப் போனால் "பர்பஸ் கோடு என்னங்க?" என்று, பணம் எதற்காக வருகிறது என்பதைக் காட்டும் எண்ணை நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். வருகிறவர்களை எல்லாம் மெயின் பிராஞ்சுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற கிளைகள் நம் ஊரில் நிறைய உண்டு. இந்த அலைச்சல்தான் அந்த ஆளுக்கு முதலீடு.

அவர் சொன்னது இதுதான்: "அக்கா, உங்க கிளையண்டை எங்க அமெரிக்க அக்கவுண்டுக்குப் போடச் சொல்லுங்க. அன்னைக்கே கூகுள் ரேட்ல ரூபாயா வந்துடுமுங்க. 2 பர்சன்ட் மட்டும் நம்மளுக்கு. ஃபார்ம் இல்ல, பேங்குக்கு அலைய வேண்டாம்."

சின்ன பில்கள் சொன்னபடியே வந்தன. ஆனால் ஒவ்வொரு தடவையும் யுபிஐயில் வேறு வேறு பெயர். கேட்டால், "எல்லாம் நம்ம பார்ட்னருங்கதானுங்க அக்கா" என்பார்.

அப்புறம் ஒரு அறுவடைப் பருவம் முழுவதும் எடுத்த படத்துக்கு அந்த 1,840 டாலர் பில். கிளையண்ட் அனுப்பிவிட்டார், ரசீதும் காட்டினார். இந்த ஏஜெண்டோ முதலில் "கம்ப்ளையன்ஸ் ஹோல்டு", அதாவது விதிச் சோதனைக்காகப் பணம் நிற்கிறது என்றார். பிறகு, அமெரிக்க வரி 12 சதவீதத்தை முன்கூட்டிக் கட்டினால்தான் பணம் ரிலீஸ் ஆகும், அதைத் தன் நம்பருக்கு ஜிபே பண்ணுங்கள் என்றார். இந்தியாவில் இருந்துகொண்டு செய்த வேலையின் கூலிக்கு அமெரிக்காவில் வரி பிடிக்கமாட்டார்கள். வழக்கமாக, நாம் அமெரிக்கர் இல்லை என்று உறுதி சொல்லும் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கிளையண்டிடம் கொடுத்தால் முடிந்தது. அதைச் சொன்ன பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

யூடியூப் வருமானத்தின் கதை வேறு, அதையும் இதையும் சேர்த்துக் குழப்பித்தான் அவர் பேசுவார். 2021 ஜூன் முதல், அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலம் வரும் பங்குக்கு மட்டும் கூகுள் வரி பிடிக்கிறது. யூடியூப் பணத்தை கூகுள் நமக்கு அனுப்பும் ஆட்சென்ஸ் கணக்கில் வரி விவரத்தைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைத் தேர்வு செய்தால் அந்தப் பங்கில் 15 சதவீதம். எதுவும் கொடுக்காமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம். 1,000 டாலரில் அமெரிக்கப் பங்கு 100 என்றால், போவது 15 டாலரா 240 டாலரா என்பது அந்த ஒரு படிவத்தில் இருக்கிறது. நாமே உட்கார்ந்து நிரப்பிவிடலாம். இதை "நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று சொல்லித்தான் அவர் பலரிடம் கூகுள் பாஸ்வேர்டைக் கேட்டிருக்கிறார்.

சரி, பெரிய தொல்லைக்கு வருகிறேன். அவர் ஓடிப்போன கொஞ்ச நாளில் என் சேமிப்புக் கணக்கில் டெபிட் ஃப்ரீஸ். கரண்ட் பில் கட்டக்கூடப் பணம் எடுக்க முடியவில்லை. வங்கியில் கேட்டால், வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு புகார் எண்ணைக் கொடுத்தார்கள். விஷயம் என்னவென்றால், எனக்கு யுபிஐயில் வந்த ஒரு தொகை, ஆன்லைன் டிரேடிங் மோசடியில் யாரோ ஒருவர் பறிகொடுத்த பணம். என் டாலர் அமெரிக்காவிலேயே இவர்கள் கையில் நின்றுவிட்டது. இங்கே எனக்கு வந்தது திருட்டுப் பணம். இப்படித்தான் அவர்களால் "கூகுள் ரேட்" தர முடிகிறது. கறுப்பை என் வழியாக வெளுத்துக்கொண்டு, அதற்கு என்னிடமே கமிஷனும் வாங்கியிருக்கிறார்கள்.

அந்த மாநில விசாரணை அதிகாரிக்கு பில், கிளையண்ட் மெயில், எடுத்த படம் எல்லாம் அனுப்பினேன். பில்லில் அமெரிக்கக் கம்பெனி, ஸ்டேட்மெண்டில் முன்பின் தெரியாத ஒரு ஆள். இரண்டையும் இணைக்கிற ஒரு துண்டுச்சீட்டு கூட அந்த ஏஜெண்ட் கொடுத்ததில்லை. முறையாக வங்கி வழியாக வந்திருந்தால் அந்நியப் பண வரவுக்கு ஓர் அட்வைஸ், அதாவது வங்கியின் அத்தாட்சிச் சீட்டு கிடைத்திருக்கும். அது ஒன்றே போதும், போலீஸுக்கும் வருமான வரிக்கும். ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம், சேவை ஏற்றுமதி என்று காட்டவே வழியிருக்காது. வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் வரும் பணத்தை அங்கீகாரம் பெற்றவர் வழியாக அல்லாமல் வாங்குவதை ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 3வது பிரிவு தடுக்கிறது. அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். "ஃபார்ம் இல்ல" என்று அவர் பெருமையாகச் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். அது ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் மீதான புகாருக்கு மட்டும்தான். இந்த ஆள் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் வராதவர், போலீஸ்தான் வழி. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்திலும் பதிவு செய்யலாம்.

வங்கி அல்லாத ஒரு நிறுவனம் எல்லை தாண்டிய பேமெண்ட் சேவை நடத்த ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும் என்று 2023 அக்டோபர் 31 சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கும், பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் இப்போது சின்ன பில்களைச் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டு, வங்கிக்கே நேராக அனுப்பச் சொல்கிறேன். விளம்பர வருமானத்துக்கு பி1007, படத் தயாரிப்புக்கு பி1101 என்று பர்பஸ் கோடை நாமே எழுதிக்கொண்டு போய்விட்டால் கவுண்டரில் பாதிப் பேச்சு குறையும். கட்டணம் போகத்தான் செய்கிறது, ஆனால் வருவது என் பெயரில் வருகிறது.

அந்த அறை இப்போது பூட்டியிருக்கிறது. அதே ஆள் வேறு நம்பரில், யுபிஐக்குப் பதில் யுஎஸ்டிடி என்ற, டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயத்தில் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வீடியோ போடும் ஒரு தம்பி சொன்னார். அவரிடம் கூகுள் லாகின் கொடுத்திருந்தால் இன்றே பாஸ்வேர்டை மாற்றி, ஆட்சென்ஸில் இருக்கும் வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா என்று பாருங்கள். பணம் விட்டவர்கள் சேலம் சைபர் கிரைம் போலீஸில் தனித்தனியாகவே புகார் கொடுங்கள். கிளையண்ட் ரசீதில் பணம் போன அமெரிக்கக் கணக்கின் பெயரைப் புகாரில் கட்டாயம் எழுதுங்கள். என் ரசீதில் அவர் சொன்ன கம்பெனிப் பெயர் இல்லை, ஒரு தனிநபர் பெயர்தான் இருக்கிறது. உங்களுடையதிலும் தனிநபர் பெயர் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்த்து விசாரணை அதிகாரியிடம் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.