புனித பூமிப் பயணமும் மேற்குச் சுவரின் அரை மணித்தியாலமும்

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் விற்கும் புனித பூமிப் பயணத் திட்டங்களில் எருசலேமில் யூதர் கூடிச் செபிக்கும் மேற்குச் சுவர் பெரும்பாலும் ஒரே வரிதான்: கல்லறைத் தேவாலயத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் அரை மணித்தியாலம். ஹோட்டல், பஸ், சாப்பாடு மூன்றிலும் குறை சொல்ல முடியாத பயணம்கூட இந்த வரியில் சறுக்கிவிடும்.

காசு கட்ட முதல், சுவருக்குப் போகும் நாள் என்ன கிழமை என்று பாருங்கள். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இருட்டும்வரை யூதரின் சபத் ஓய்வுநாள். அங்கே படம் எடுப்பதும் போனைத் தூக்குவதும் எழுதுவதும் தடை. சனிக்கிழமை இறக்கிவிடப்பட்டால் சுவர் இடுக்கில் செருகும் வேண்டுதல் சீட்டுக்கூட எழுத முடியாது. வெள்ளி பின்னேரம் என்றால் வேறு கதை: பாட்டும் ஆட்டமுமாக சபத்தை வரவேற்பதைப் பார்க்கவே போகலாம். திங்கள், வியாழன் காலைகளில் தோரா (யூத வேதநூல்) வாசிப்பு இருப்பதால் 13 வயதுப் பையன்களின் பார் மிட்ஸ்வா என்ற வயதுக்கு வரும் சடங்குகள் அன்றைக்குத்தான் குவியும். ஆண், பெண் பகுதிகளைப் பிரிக்கும் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெண்கள் கதிரையில் ஏறி நின்று எட்டிப் பார்த்து மிட்டாய் எறிவார்கள். நெரிசல்தான், ஆனாலும் எங்கள் தெரிவு வியாழன் காலை.

கோயிலில் சட்டையைக் கழற்றிப் பழகிய ஆண்களுக்கு இங்கே தலைகீழ்: தலையை மூட வேண்டும், செருப்பைக் கழற்றத் தேவையில்லை. தலைக்குக் குல்லா வாசலிலேயே இலவசம். பெண்களுக்குத் தோளும் முழங்காலும் மறைந்தால் போதும். ஆண், பெண் பகுதிகள் வேறு. பெண்கள் பகுதி சிறியது, அங்கே வரிசை மெதுவாகத்தான் நகரும்.

சீட்டுக்கு மெல்லிய தாளே நல்லது. தடித்த தாளை மடித்துச் செருகினால் கொஞ்ச நேரத்தில் கீழே விழும். கைக்கெட்டும் இடுக்குகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மற்றவர் சீட்டை இழுக்க வேண்டாம். வருடத்துக்கு இரண்டு தடவை எல்லாவற்றையும் எடுத்து, எரிக்காமல், ஒலிவ மலையில் புதைக்கிறார்கள்.

இதை 'ஆலயத்தின் சுவர்' என்று சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. ஏரோது மன்னன் யூதரின் ஆலயத் திடலை அகலப்படுத்தக் கட்டிய தாங்குசுவர் இது. ஆலயத்தை உரோமர் கி.பி. 70 இல் அழித்தார்கள். தரைக்கு மேலே தெரியும் கீழ் ஏழு வரிசைக் கற்கள்தான் ஏரோது காலத்தவை. விளிம்பைச் சுற்றிச் செதுக்கிய சட்டத்தை விரலால் தடவிப் பாருங்கள். சாந்து இல்லாமல் அடுக்கியவை. மேலே போகப் போகக் கல் சிறுக்கும், அவை பிற்காலத்தவை. வெளியே தெரிவது ஏறக்குறைய 57 மீற்றர்தான். முழு நீளம் 488 மீற்றர், மிச்சம் வீடுகளுக்குப் பின்னாலும் நிலத்துக்குக் கீழும். சுவரை ஒட்டிய சுரங்கப்பாதைக்குள் 13.6 மீற்றர் நீளமான ஒற்றைக் கல் இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட், முன்பதிவும் வேண்டும்; 'சேர்த்திருக்கிறோம்' என்று வாயால் சொன்னால் நம்பாமல் பயண நிரலில் எழுதி வாங்குங்கள்.

சுவருக்கு மேலே, ஆலயம் நின்ற, இப்போது பள்ளிவாசல் உள்ள ஆலய மலைக்குப் போக நினைத்தால், முஸ்லிம் அல்லாதவருக்கு முக்ராபி வாசல் மட்டும்தான். வெள்ளி, சனி மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் குறிப்பிட்ட நேரந்தான். பைபிள், ஜெபப் புத்தகங்களை பஸ்ஸிலேயே விட்டுவிடுங்கள், சோதனையில் தடுப்பார்கள்.

முழங்கால் வலி உள்ள அம்மாமாரைப் பழைய நகரின் யாப்பா வாசல் வழியாகச் சந்தைப் படிகளில் இறக்க வேண்டாம். பைபிளின் நெகேமியா நூலில் பெயர் வரும் குப்பைமேட்டு வாசலில் இறக்கச் சொன்னால் சுவர் கிட்ட. டிசம்பர், ஜனவரி என்றால் நுவரெலியாவுக்குப் போடும் ஜாக்கெட்டும் குடையும் எடுங்கள்.