எங்கள் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம்: மூன்று முறை சென்று வந்தபின்

மலேசியாவின் பேரா மாநிலச் சட்டமன்றத்தின் 59 தொகுதிகளுள் ஒன்றில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிற்றூரின் கடைவீதியில், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இந்தச் சேவை மையம் இயங்குகிறது. உறுப்பினரின் பெயரையும் கட்சியையும் இங்கே தரவில்லை. அவற்றைக் கண்டவுடன் படிப்பவர் பாதிப்பேர் தீர்ப்பை எழுதிவிடுவார்கள் என்பதே காரணம்.

இத்தகைய மையம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லவேண்டும். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. அதன்பின் நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமித்துவருகிறது. ஆகவே, அடைபட்ட சாக்கடைக்கும் எரியாத தெருவிளக்குக்கும் நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த, நமக்கு மிக அருகிலுள்ள ஆள் சட்டமன்ற உறுப்பினர்தான். நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பொறுப்பு. குடியுரிமை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை கூட்டரசின் (மத்திய அரசின்) பொறுப்பு. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து வருபவருக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. தெரிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

நான் முதன்முறை சென்றது, எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக. தோட்டத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். பிறப்பைப் பதிவுசெய்ய எவரும் போகாததால், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி நாற்பது ஆண்டுகள் உழைத்த பின்னும், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறார். அவருக்கு வாக்குரிமை இல்லை. அந்த அட்டையைப் பார்த்ததும் மேசையில் இருந்த இளம்பெண் முகம் சுளிப்பாரோ என்று நான் அஞ்சினேன். அவரோ எழுந்துவந்து, "பாட்டி, நீங்க இப்படி உட்காருங்க. நான் கேட்டுக் கேட்டு எழுதிக்கிறேன்" என்றார். எந்தத் தோட்டம், எந்தக் கிராணி (தோட்ட எழுத்தர்) காலம், அம்மாவின் பெயர் செக்ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) இருந்ததா, பாட்டி எந்தத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்புப் படித்தார் என்றெல்லாம் ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். குடியுரிமையை வழங்குவது உள்துறை அமைச்சு என்றும், சட்டமன்ற உறுப்பினரால் பரிந்துரைக் கடிதம் மட்டுமே தரமுடியும் என்றும் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொன்னார். வீண் நம்பிக்கை தராத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடித் தரும்படி அவரே தொலைபேசியில் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டார். வாக்கில்லாத ஒருவருக்காக இவ்வளவு செய்த ஓர் அலுவலகத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இரண்டாம் முறை சென்றபோது கதவு பூட்டியிருந்தது. மறுவாரமும் பூட்டியே இருந்தது. உறுப்பினரின் கட்சியில் கிளை, தொகுதித் தேர்தல்கள் நடந்துகொண்டிருந்தன. பணியாளர் அனைவரும், கட்சித் தேர்தலில் வாக்களிக்கும் பேராளர்களைச் சந்திக்கப் போயிருந்தார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். கட்சித் தேர்தலின் அவசரம் எனக்குப் புரியாததன்று. 1977-இல் ம.இ.கா. எனப்படும் மலேசிய இந்தியக் காங்கிரசுக் கட்சியின் துணைத் தலைவர் பதவியை அரசியல்வாதி சாமிவேலு வென்றது 26 வாக்குகள் வேறுபாட்டில்தான். பேராளர் ஒவ்வொருவரையும் தேடிப்போவது அந்தக் கணக்கால்தான். ஆனால் பொதுத்தேர்தலின் கணக்கு வேறு. அதே சாமிவேலு, 1974 முதல் தம்வசம் இருந்த சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியை 2008-இல் 1,821 வாக்குகளில் இழந்தார். பேராளரைத் தேடிப் போகும்போதும் மேசையில் ஒருவரையாவது அமர்த்திவிட்டுப் போயிருக்கவேண்டும். பாட்டி வாடகை வண்டிக்குக் கொடுத்த பணம் அவருடைய ஒருவாரக் காய்கறிச் செலவு. இந்தக் குறையை மையத்திலேயே எழுத்தில் கொடுத்துள்ளேன்.

வசதிகளைப் பொறுத்தவரை, நாற்காலிகள் போதும், குடிநீர் உண்டு, அறிவிப்புகள் தமிழிலும் உள்ளன. வாசலில் இரண்டு உயரமான படிகள் இருப்பதால் சக்கர நாற்காலியில் வருபவரைத் தூக்கித்தான் ஏற்றவேண்டும்.

மூன்றாம் முறை மையம் திறந்திருந்தது. பள்ளிப் பதிவேட்டின் நகல் வந்து கோப்பில் சேர்ந்திருந்தது. கடிதத்தில் உறுப்பினர் கையெழுத்திட்டிருந்தார். விண்ணப்பத்தைத் தேசியப் பதிவுத்துறையில் நேரில் கொடுக்கவேண்டும் என்பதால், வழியையும் தேவையான நகல்களையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். செல்பவர்கள் அடையாள அட்டையின் அசலோடு, பழைய தோட்டத்துக் காகிதம் எதுவாயினும், கிழிந்திருந்தாலும், எடுத்துச் செல்லுங்கள். புறப்படும் முன் தொலைபேசியில் அழைத்து, ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டியின் கோப்பு எண்ணை அவர் வீட்டு நாள்காட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.