பரம்பரைக் கத்தியா, பாதி பிளேடா?

முகம் சுத்தமாக இருந்தால் போதும் என்பவருக்கு இந்த அலசலே வேண்டாம். ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற சேஃப்டி ரேஸரின் வழிவந்த ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு, பத்து நிமிடத்தில் குளிக்கப் போய்விடலாம். சவரக்கத்தியையே கையில் எடுத்துப் பழக வேண்டும் என்று அரிப்பு எடுத்தவர்களுக்குத்தான் குழப்பம். அவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தோல்வாரில் தீட்டித் தீட்டிப் பல ஆண்டு வைத்துக்கொள்ளும் முழு எஃகுக் கத்தி. மற்றது சலூனில் நாம் தினமும் பார்ப்பது: பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, பாதியைச் செருகிக்கொள்ளும் கத்தி.

நான் முதலில் வாங்கியது பாதி பிளேடு கத்தி. விலை குறைவு, சலூன்காரர் கையில் அது ஓடுகிற லாகவத்தைப் பார்த்த தைரியம் வேறு. மூன்றாம் நாள் இடது காதுக்குக் கீழே மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினேன். வலியே இல்லை. வெள்ளை நுரையில் சிவப்பு நூல் மாதிரி ஒரு கோடு இறங்கியது. படிகாரத்தை வைத்து அழுத்தியபோதுதான் எரிந்தது.

குற்றம் பிளேடின் மூலையில். அந்த பிளேடின் தடிமன் 0.1 மி.மீ. தான், மூலை சதுரமாக, ஊசிபோல நிற்கும். கத்தியிலும் கனம் கிடையாது. அதனால் தெரியாமலே கை அழுத்திவிடும். முழுக்கத்தி அப்படியல்ல. 5/8 அங்குல அகலம், தடித்த முதுகு, தன் எடையிலேயே கன்னத்தில் இறங்கும். நுனி உருட்டியது என்றால் மூலைப் பயமும் குறைவு. இருபுறமும் குழிவாகத் தேய்த்த கத்தி என்றால் சத்தமும் போடும்: சாய்மானம் சரியாக இருந்தால் சரசரவென்று ஒரே சீராக வரும், தப்பினால் சத்தம் மாறும். காதுதான் வாத்தியார். சாய்மானம் என்றால் ஏறத்தாழ 30 டிகிரி. முதுகின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளி முதுகுக்கும் கன்னத்துக்கும் இருந்தால் சரி.

மழிக்க எளிது முழுக்கத்திதான் என்பேன். ஆனால் அதோடு இன்னொரு தொழிலையும் கற்க வேண்டும். பலர் கைவிடுவது அங்கேதான். ஒவ்வொரு முறையும் மழிக்குமுன் தோல்வாரில் 30 முதல் 60 தடவை தீட்ட வேண்டும். முதுகு முன்னே போக, கூர் பின்னே வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல்தான் உருட்ட வேண்டும். நான் ஒரே ஒருநாள் கூரின் மேல் திருப்பினேன். புது வாரில் பிறை மாதிரி வெட்டு இன்னும் இருக்கிறது. மாதக்கணக்கில் கூர் மழுங்கிய பிறகு சாணைக்கல்: 1000, 4000, 8000 என்று ஏற வேண்டும் (எண் ஏற ஏறக் கல் நைசாகும்), முதுகும் கூரும் கல்லில் ஒட்டியபடி. கத்திக்குப் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வரும் புதுக்கத்திகூடப் பல சமயம் முகத்தில் வைக்கும் அளவுக்குக் கூராக வராது. கடலோர ஊர் என்றால் துருவும் சேர்ந்துகொள்ளும். துடைத்துக் காயவைத்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும்.

பாதி பிளேடுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மழுங்கினால் தூக்கிப் போடலாம். சலூன்களுக்கு அது வேண்டியிருப்பதற்கு வேறு காரணம்: ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. போன்றவை ரத்தத்தில் பரவும் என்பதால் ஆளுக்கொரு புது பிளேடு. வீட்டில் ஒரே முகம், ஒரே கத்தி. அந்தக் காரணம் நமக்குப் பொருந்தாது.

ஆகவே, சாணை பிடித்துத் தர நம்பகமான ஆள் கிடைத்தால் முழுக்கத்தியிலேயே தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் பாதி பிளேடு. ஆனால் முதல் மாதம் கன்னத்தோடு நிறுத்துங்கள், அதுவும் முடி வளரும் வாக்கிலேயே. மோவாயையும் மேலுதட்டையும் பழைய ரேஸர் பார்த்துக்கொள்ளட்டும். இடது கன்னத்துக்கு இடது கை என்று பழகினால் நல்லது. முதலில் இடது கையால் பல் துலக்குவதுபோல் கேவலமாகத்தான் இருக்கும்.

தாத்தா காலத்துக் கத்தியைப் பழைய சாமான் கடையில் பார்த்தால், கண்ணாடித் தட்டில் படுக்கவைத்துப் பாருங்கள். முதுகும் கூரும் முழு நீளத்துக்கும் படிய வேண்டும். ஆடினாலோ, கூரில் துருக்குழி தெரிந்தாலோ, பிடி யானைத் தந்தமே என்றாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.